கற்பூரம் காட்டிய தீர்ப்பு

முன்னொரு காலத்தில், மழைகூட அரண்மனையில் கேட்டுக்கொண்டு பெய்த காலத்தில், வெண்ணாவல் நாட்டை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். அவன் அரியணையில் உட்கார்ந்தால் மீசையின் இடது நுனி கொலுமண்டபத்திலும் வலது நுனி குதிரை லாயத்திலும் இருக்குமாம். நான் அளந்து பார்க்கவில்லை. அளந்தவன் சொன்னான்.

மீசையைவிட ராஜாவுக்குத் தன் முத்திரை மேல் ஆசை அதிகம். தீர்ப்பு எழுதிய ஓலையைச் சுருட்டி, நூல் கட்டி, அரக்கில் தன் முத்திரையைப் பதித்து அனுப்பினால் தீர்ந்தது கவலை. அப்புறம் அது என்ன ஆனது என்று கேட்கிற வழக்கமே கிடையாது.

ஒருநாள் பூவாயி என்கிற உப்பு விற்கிறவள் சபைக்கு வந்தாள்.

"சாமி, போன பங்குனியிலே என் வீட்டுக்காரர் சடையன் வழக்கை விசாரிச்சீங்களே, ஞாபகமிருக்கா?"

"யானை மணியைத் திருடினான் என்ற வழக்குதானே? மணி யானையின் வைக்கோலுக்குள்ளேயே கிடந்தது. குற்றமில்லை, விடுதலை என்று நானே தீர்ப்புச் சொன்னேனே! நன்றி சொல்ல வந்தாயா?"

"இல்லீங்க. தீர்ப்பை மாத்திச் சொல்லணும். அவரு திருடினாருன்னே சொல்லிருங்க."

சபை வாயைப் பிளந்தது.

"மணி திருடினா மூணு மாசம்தானாமே, சாமி. திருடியிருந்தா ஆனியிலேயே வீடு வந்திருப்பாரு. குத்தமில்லேன்னு நீங்க சொன்னதாலே தை பொறந்தும் உள்ளேயே கிடக்காரு. சிறை அதிகாரி தோட்டத்துக்கு ஏத்தம் இறைச்சு இறைச்சுக் கை காய்ச்சுப் போச்சு."

ராஜாவின் மீசை துடித்தது. சிறை அதிகாரி விழுப்பரையர் கூப்பிய கையோடு முன்னால் வந்தார். அமைச்சர் கூத்தபிரானைக் கண்டாலே வயிறு எரிகிற மனிதர். ராஜாவைக் குளிர்விப்பதில் மட்டும் அவரை மிஞ்ச ஆளில்லை.

"மகாராஜா! தங்கள் ஓலையை ஊர் எல்லையிலேயே மேளதாளத்தோடு எதிர்கொண்டேன். தலையில் சுமந்து வந்து சந்தனம் பூசி, வெள்ளிப் பேழையில் வைத்தேன். தினமும் இரண்டு வேளை கற்பூரம் காட்டுகிறேன்."

"ஏன் படிக்கவில்லை?"

"படிக்க வேண்டுமானால் முத்திரையை உடைக்க வேண்டுமே! தங்கள் திருமுத்திரையை உடைக்க இந்தக் கை எழுமா?"

ராஜாவுக்குக் கோபம் பறந்தது, மீசை தானாகவே மேலே ஏறியது. "பார்த்தீரா கூத்தபிரான்? மரியாதை என்றால் இது!"

பூவாயி தூணோரமாய் உட்கார்ந்துவிட்டாள்.

கூத்தபிரான் அவளை ஒரு பார்வை பார்த்தார். "உண்மைதான் மகாராஜா. இப்படிப்பட்ட மரியாதை சிறையோடு நின்றுவிடலாமா? இன்று ஒருநாள் தங்கள் ஒவ்வொரு வார்த்தைக்கும் அரண்மனையில் இதே மரியாதை நடக்கட்டும்."

"நடக்கட்டும்!" என்றான் ராஜா.

நடந்தது. வெயில் ஏறியதும் ராஜா, "தாகமாயிருக்கிறது, தண்ணீர் கொண்டு வா" என்றான். உடனே ஓர் ஓலையில் அதை எழுதினார்கள், முத்திரை வைத்தார்கள். வாசலில் மேளம் முழங்கியது. தண்ணீர்க்காரன் ஓலையைத் தலையில் சுமந்து போய்ச் சந்தனம் பூசிப் பேழையில் வைத்தான். கற்பூரம் காட்டினான். ராஜா கைகொட்டி ரசித்தான்.

தண்ணீர் வரவில்லை.

"சோறு போடுங்கள்" என்றான். மறுபடி ஓலை, மேளம், கற்பூரம். "சாமரம் வீசுங்கள்" என்றான். அதற்கும் அப்படியே. புகையில் ராஜாவுக்குக் கண் எரிந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"மேளத்தை நிறுத்துங்களடா!" என்று கத்தினான். அந்த ஆணைக்கு இரண்டு மேளம் சேர்த்து முழங்கின.

"கூத்தபிரான்! யார் என் பேச்சை மீறுவது?"

"யாரும் மீறவில்லை மகாராஜா. எல்லாரும் தலையில்தான் வைத்திருக்கிறார்கள்."

"தலையில் வைத்து என்ன பிரயோசனம்? தண்ணீர் என் தொண்டைக்கல்லவா வரவேண்டும்! நான் ராஜாவா, இல்லை இந்த நாற்காலிக்குக் கைதியா?"

"தங்களுக்கு அரை நாள்தான் ஆகிறது. சடையனுக்குப் பத்து மாதம்."

மேளம் தானாகவே நின்றது. தூணோரத்திலிருந்து பூவாயி எழுந்து, தன் சுரைக்குடுக்கையை ராஜாவிடம் நீட்டினாள். "குடிங்க சாமி. தொண்டை வத்திப்போச்சு."

எழுதாமல், முத்திரை இல்லாமல் வந்த அந்தத் தண்ணீரை ராஜா இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். பிறகு எழுந்து, மீசையைக்கூட ஆளிடம் கொடுக்காமல் தானே தோளில் போட்டுக்கொண்டு, சிறைக்கு நடந்தான். பூவாயியும் சபையும் பின்னாலேயே போனார்கள்.

வெள்ளிப் பேழையைத் திறந்தால் சடையனின் ஓலை மட்டுமா இருந்தது? குப்பை குப்பையாய் ஓலைகள்! எல்லாம் விடுதலைத் தீர்ப்புகள். ஒவ்வொரு முத்திரையையும் ராஜா தன் கையாலேயே உடைத்தான். பிறகு விழுப்பரையர் பக்கம் திரும்பினான்.

"உமக்கு ஒரே ஒரு நாள் சிறை. நாளைக் காலையில் நீர் பழக்கிய ஆட்களுக்கே விடுதலை ஓலை அனுப்புகிறேன்."

விழுப்பரையர் தடாலென்று காலில் விழுந்தார். "ஒரு மாதம்கூட இருக்கிறேன் மகாராஜா! ஓலை மட்டும் வேண்டாம்! சாவியோடு ஓர் ஆளை அனுப்புங்கள்!"

எல்லாரும் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"உமக்கு என்ன பரிசு வேண்டும், கூத்தபிரான்?"

"ஒரு சட்டம் போதும். தீர்ப்பு எழுதிய நாளில், அது நிறைவேறிய சேதி வரும்வரை ராஜாவுக்குச் சோறு கிடையாது."

"எழுதிக்கொள்ளும்" என்று வாயெடுத்த ராஜா நிறுத்திக்கொண்டான். "வேண்டாம். சமையற்காரனிடம் நேரில் போய்ச் சொல்லும்."

சாவி திரும்பியது. சடையன் வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான். எதிரே ராஜாவே நிற்பது அவனுக்குத் தெரியவில்லை, பெண்டாட்டிதான் தெரிந்தாள்.

"பூவாயி, என்ன தீர்ப்பாச்சு?"

"நீங்க குத்தம் பண்ணலையாம்."

"அதான் எனக்கு முன்னாலேயே தெரியுமே" என்றான் சடையன்.

ராஜா தலை குனிந்தான். மீசையின் இரண்டு நுனியும் தோளிலிருந்து நழுவி, சிறைவாசல் மண்ணில் விழுந்தன. எடுத்துவிட ஆட்கள் ஓடி வந்தார்கள். கிடக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, ராஜா அடுத்த கதவுக்குச் சாவியைத் தேடினான்.