எருக்கு ஏன் வருசம் பூரா பூக்குது

அந்தக் காலத்துல செடிகளுக்கும் வாய் இருந்துச்சு. பேசுறதுக்கு மட்டுமா? வம்பிழுக்கவும்தான்.

அப்ப ஒரு தெரு. முழுக்கக் குப்பை, புழுதி. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியே கெடக்கும். அங்க புதுசா குடிவந்த தங்கபுஷ்பத்துக்குப் பேச ஒரு ஆள் கெடையாது. பூ இருந்தா தேனீ வரும், பட்டாம்பூச்சி வரும், அதைப் பார்க்கவாச்சும் சனங்க வெளிய வருவாங்கன்னு நெனச்சா. தெரு நடுவுல இருந்த குப்பைமேட்டைத் தோண்ட ஆரம்பிச்சா. மண்ணு பாறை மாதிரி. எல்லாச் செடியையும் வாங்கன்னு கூப்பிட்டா. துளசி வரல. சாமந்தி வரல. எருக்கு மட்டும்தான் வந்துச்சு.

வந்து ஒரு கேள்வி கேக்கல. வேரை எறக்கி மண்ணைப் பொளந்துச்சு. பொழுது சாஞ்சா ரெண்டு பேருமா பேசிட்டிருப்பாங்க.

"அக்கா, தோட்டம் வந்ததும் நான் எங்க நிக்கட்டும்?"

"நடுவுல. உனக்கில்லாத எடமா?"

மண்ணு பொலபொலன்னு ஆனதும் மத்ததெல்லாம் வந்து நின்னுச்சுங்க. எவ்ளோ நல்ல மனசு பாருங்க!

துளசி மூக்கைச் சுளிச்சா. "இது இங்க என்ன பண்ணுது? கிள்ளுனா பால் வடியும், கண்ணுல பட்டா கண்ணு போச்சு. இது இருந்தா நாங்க வரல."

மண்ணைப் பொளந்தப்ப நீங்கல்லாம் எங்கடி போனீங்கன்னு கேட்டிருக்கலாம்ல? தங்கபுஷ்பம் கேக்கல. குனிஞ்சு எருக்குகிட்ட சொன்னா: "கொஞ்ச நாள் தெருக்கோடியில நில்லு. இவங்க வேர் பிடிக்கட்டும். நானே வந்து கூப்பிடுறேன்."

"சரிக்கா"ன்னுச்சு எருக்கு. சண்டை போடத் தெரியாத செடி.

தோட்டம் பூத்துச்சு. தேனீ மொய்ச்சுச்சு. ஒவ்வொரு கதவா தெறந்துச்சு. தங்கபுஷ்பத்தைச் சுத்தி எப்பவும் பத்துப் பேர், ஒரே சிரிப்பு. தெருக்கோடிப் பக்கம் அவ தலை திரும்பவே இல்ல.

கூப்பிடுற அன்னைக்கு வெறுங்கையோட போகக்கூடாதுன்னு எருக்கு ஊதாப் பூவா பூத்துச்சு. ஒவ்வொரு பூ நடுவுலயும் ஒரு குட்டிக் கிரீடம். பூ வாடும். மறுபடி பூக்கும்.

ஒரு நாள் ஒரு கருவண்டு வந்துச்சு. "துளசி துரத்திட்டா. என் கனத்துக்கு அவ கொம்பு ஒடியுதாம். இங்க உக்காரவா?"

"உக்காரு. அக்கா என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

வண்டு தேனைக் குடிச்சுச்சு. அப்புறம் சொல்லுச்சு: "லூசா நீ? அவ மறந்துட்டா. பூக்குறதை நிறுத்திட்டு வேற வேலையப் பாரு."

"நான் இன்னைக்கு நிறுத்தி, அவங்க நாளைக்கு வந்து கூப்பிட்டுட்டா?"

வண்டு அங்கேயே தங்கிடுச்சு.

மாலை கட்ட எருக்கம்பூப் பறிக்க ஆள் வந்தாங்க. கூப்பிட யாரும் வரல.

அன்னையிலேர்ந்துதான், மத்த செடியெல்லாம் பூத்து ஓஞ்சாலும், எருக்கு மட்டும் யாரும் நடாத தெருக்கோடியிலயும் குப்பைமேட்டு ஓரத்துலயும், கிரீடத்தைக் கழட்டாம, ஒத்தைக் கருவண்டோட வருசம் பூரா பூத்துக்கிட்டு நிக்குது.