கனகராயர் ஏர் இழுத்த கதை

மேற்கே மலை, கிழக்கே மழையை நம்பி உழுகிற மானாவாரிக் காடு, நடுவிலே செவ்வந்திநாடு. அந்த நாட்டை ஒரு காலத்தில் பூபாலசிம்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு மனசு, மத்தியானம் ஒரு மனசு. ஒரு விஷயத்தில் மட்டும் மாறவே மாட்டான். எந்த வேலை தொடங்கினாலும் அவனுடைய பட்டப்பெயர்களை ஒருவர் ஒரே மூச்சில் முழுசாகச் சொல்லியாக வேண்டும். நடுவில் மூச்சு வாங்கினால் அபசகுனம். சொன்னவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பதவியை விட வேண்டியதுதான்.

சொல்லுகிறவர் குதிரை லாயத்துத் தலைவர் கனகராயர். நெஞ்சு முட்டக் காற்றை இழுத்தாரென்றால் சங்கு ஊதின மாதிரி இருக்கும். அந்தத் திமிரில், மந்திரி விடங்கரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

அந்த வருஷம் கோமாரி வந்து மாடுகள் பாதிக்கு மேல் செத்துப்போயின. மழையோ நன்றாகப் பெய்துவிட்டது. ஈரம் காய்வதற்குள் உழுது கம்பு விதைக்காவிட்டால் நாடே பட்டினி. "சண்டைதான் ஓய்ந்துவிட்டதே அரசே, லாயத்துக் குதிரைகளை ஏரில் பூட்டலாம்" என்றார் விடங்கர். கனகராயர் உடனே முன்வந்து, பட்டு உறையும் வெள்ளி வளையமுமாக ஒரு கழுத்து வார் செய்து கொடுத்தார். ராஜா அதைத் தடவிப் பார்த்து, "ஆகா! அற்புதம்!" என்று சொல்லிவிட்டான். ராஜாவே மெச்சினதை அப்புறம் யார் குறை சொல்வது?

குதிரைகளோ உழவில்லை.

"அரசே, குதிரைக்குக் கொடுத்த கொள்ளுப் பயறையெல்லாம் உழவர்கள் ரசம் வைத்துக் குடித்துவிடுகிறார்கள்!" என்று மூக்கைச் சிந்தினார் கனகராயர். "என் குழந்தைகளை லாயத்துக்கே அழைத்துக்கொள்கிறேன்."

"அழைத்துக்கொள்ளும், நாளைக்கே!" என்றான் ராஜா.

குதிரைகள் போய்விட்டால் விதைப்பு நின்றுவிடுமே என்று விடங்கர் நேரே காட்டுக்கு ஓடினார். அங்கே வேலாத்தாள் என்ற குடியானவப் பெண் குதிரை பூட்டிய கலப்பையின் மேழியைப் பிடித்தபடி நின்றாள்.

"கொள்ளு ரசம் எப்படி இருந்தது, தாயி?"

"அட போங்க சாமி! அது தின்னுட்டு மிச்சம் வச்சாத்தானே எங்களுக்கு? பத்தடி போகுது, நிக்குது, இருமுது. பாருங்க, எங்க மாமனார் கணக்கா இருமுது!"

"கர்ர்ர்... க்ஹூம்!" என்றது குதிரை.

விடங்கர் வாருக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மாட்டுக்குத் திமில் இருக்கிறது, நுகத்தடி அதில் முட்டி நிற்கும். குதிரைக்கு ஏது திமில்? இழுக்க இழுக்க வார் மேலேறித் தொண்டையை நெரித்தது. வாரை அவிழ்த்துவிட்டதும் அந்தக் குதிரை என்ன செய்தது தெரியுமா? கொள்ளு மூட்டை இருந்த கொட்டகைக்குப் போய், மூடிக் கிடந்த படலைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளியது. படல் முளையோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தது!

"அடி சக்கை! பலமெல்லாம் தோளிலல்லவா இருக்கிறது!" என்றார் விடங்கர். செருப்புத் தைப்பவர்களைக் கூப்பிட்டு, தோலுக்குள் வைக்கோல் அடைத்து, சும்மாடு போலத் தடியாக, சின்னதும் பெரிதுமாய் இரண்டு வளையம் தைக்கச் சொன்னார்.

மறுநாள் குதிரைகளை ஓட்டிப்போக ராஜாவும் கனகராயரும் காட்டுக்கே வந்துவிட்டார்கள்.

விடங்கர் பணிவாகச் சொன்னார்: "வாரில் என்ன குறை, ராயரே? பூமாலை போல இருக்கிறது. கட்டிக்கொண்டு தூங்கலாம்."

"தூங்குவதென்ன ஓய்! கட்டிக்கொண்டு ஏரே இழுக்கலாம்!"

"இழுத்துக்கொண்டே அரசர் பட்டங்களையும் சொல்லலாமோ?"

"பேஷாய்ச் சொல்லலாம்!"

ராஜா கைதட்டிக் குதித்தான். "பூட்டுங்கள் ராயரை!"

சின்னக் கலப்பையாகப் பார்த்துப் பூட்டினார்கள். கனகராயர் காற்றை இழுத்துக்கொண்டு காலெடுத்து வைத்தார்.

"திக்கெட்டும் புகழ் திரண்ட, தெவ்வர் படை மிரண்ட, மு... மும்மா... கர்ர்ர்... க்ஹூம்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "என்ன ஓய்! என் பட்டத்தில் கர்ர் எங்கே வந்தது? கழற்றும் தலைப்பாகையை!"

"பொறுங்கள் அரசே. ராயருடைய மூச்சில் குற்றமில்லை" என்று குறுக்கே வந்தார் விடங்கர். வாரைக் கழற்றி, சின்ன வைக்கோல் வளையத்தை ராயரின் தோளில் பொருந்த மாட்டினார். அதன் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, பின்னால் ஒரு குறுக்குக் கட்டையில் சேர்த்து, கட்டையைக் கலப்பையோடு பிணைத்தார். "இப்போது சொல்லுங்கள்."

"திக்கெட்டும் புகழ் திரண்ட, தெவ்வர் படை மிரண்ட, மும்மாரி பொழிய மூவுலகும் நிழல் செய்ய முத்துக்குடை கொண்ட பூபாலசிம்ம மகாராஜ..." கனகராயர் முழங்கிக்கொண்டே போனார். கலப்பையும் போனது. தலைப்பாகை தப்பிய சந்தோஷத்தில் மனிதர் வரப்பைத் தாண்டி அடுத்த காட்டையும் உழப் பார்த்தார். நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

அப்புறம் அதே மாதிரி பெரிய வளையத்தைக் குதிரைக்கு மாட்டினார்கள். இருமல் இல்லை, நிற்பதில்லை. மண் புரண்டு கொடுத்தது. வேலாத்தாள் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.

"மந்திரியாரே, என்ன வேண்டும் கேளும்!" என்றான் ராஜா.

"ஈரம் காய்வதற்குள் எல்லாக் குதிரைக்கும் ஒரு வளையம், அரசே."

"ஆகட்டும்! உழவர்மேல் ரசப் பழி போட்ட கனகராயர்தான் ஒவ்வொன்றையும் தம் தோளில் மாட்டி, இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும்!"

ஊரே சிரித்தது. முதல் நாள் கனகராயர் தலை நிமிரவில்லை. அப்புறம், எல்லாக் காட்டிலும் கம்பு விதைத்து முடிகிற சமயம், கடைசி வளையத்தை மாட்டிக்கொண்டு நாலடி இழுத்தார். முகத்தைச் சுளித்தார். கழற்றித் தைப்பவரிடமே திருப்பி நீட்டினார்.

"இடது பக்கம் இன்னும் ஒரு பிடி வைக்கோல் வையப்பா. அதுக்கு உறுத்தும்."