பதினைந்தாவது முழுக்கு

"நான் தூங்கி பதினோரு நாளாச்சு, அம்மா," என்றார் தாண்டவமூர்த்தி. "இப்படியே போனா புத்தி கலங்கிடும்னு டாக்டர் சொல்றார்."

ஆற்றங்கரை மடத்தில் உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்கு வயது நாற்பது. சீடருக்கு அறுபத்தாறு. ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியர். போர் நடக்கும் நாட்டின் நதிகளை மேற்கிலிருந்து கிழக்காக ஒப்பிப்பார்.

"தூங்காம என்ன பண்றீங்க, வாத்தியாரே?"

"போன்ல போரைப் பார்க்குறேன். இன்னிக்கு மட்டும் நூத்திப் பன்னெண்டு பேர் செத்திருக்காங்க. ஊரே எரியுது. நீங்க கீரை ஆயுறீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?"

கீரைக்கட்டு கீழே இறங்கியது.

"சாவுச் செய்தியா? குளிச்சீங்களா?"

"என்னது?"

"சாவு கேட்டா முழுகிட்டுத்தானே மத்த வேலை? படித்துறை அங்கே இருக்கு."

"அது சொந்தக்காரங்களுக்கு, அம்மா."

தூரத்து உறவென்றால் ஒரு முழுக்குப் போதும் என்பதுவரை வாத்தியாருக்கு அத்துப்படி.

"இவங்க சொந்தம் இல்லையா?"

எல்லாரும் நம் உறவுதானே என்று பதினோரு நாளாகத் தெருவையே திட்டிக்கொண்டிருந்தவர் வாத்தியார்தான்.

வேட்டியோடு இறங்கி முழுகினார். கரையேறிப் போனை எடுத்தார்.

"இன்னும் ஒன்பது பேர்."

"முழுகுங்க."

நண்பகலுக்குள் பதினான்கு முறை ஆயிற்று. உதடு வெளுத்துவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை.

"இது காலைல போன்ல பார்த்த அதே பிள்ளை, அம்மா."

"மறுபடியும் செத்துச்சா?"

"இல்லை. மறுபடியும் காட்டுறான்."

"எத்தனை தடவை?"

"நான் பார்த்ததே ஆறு. பின்னாடி வயலின் வேற. நடுவுல சோப்பு விளம்பரம். பிணத்துக்குப் பாட்டுப் போடுறான், பாவி."

"செய்தி வாசிச்சவன், வயலின் சேர்த்தவன், விளம்பரத்தைச் சொருகினவன். இதுல ஒருத்தனாவது குளிச்சானா?"

உலகம்மாளின் குரலில் இப்படியொரு சூட்டை அவர் கேட்டதில்லை.

"எங்கே குளிக்கப் போறான்."

"சரி. ஆறு தடவை பார்த்தீங்களே, அந்தப் பிள்ளைக்குன்னு நீங்க எத்தனை தடவை முழுகினீங்க?"

தாண்டவமூர்த்தி யோசித்தார். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு முழுக்கு. ஒன்பது பேருக்கு ஒன்று.

"பிள்ளை பேர் என்ன?"

"சொல்லவே இல்லையே, அம்மா."

போனைப் படியில் வைத்தார். யாரும் சொல்லாமலே இறங்கினார். முழுகி எழுந்து, கழுத்தளவு நீரில் அப்படியே நின்றார். பதினோரு நாளில் முதல்முறையாக அழுதார்.

படியில் போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது.

உலகம்மாள் அதை எடுத்து நீட்டினார்.

"அடுத்த செய்தி போல, வாத்தியாரே."

"கிடக்கட்டும்," என்றார் அவர். "இந்தப் பிள்ளைக்கே இன்னும் முழுகி முடியலை."