பதின்மூன்று அடிக் கூடம்

வீடு வாங்க அலைந்தவனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஒரு புராணமே பாடுவான். முரசுக்கார மாயாண்டியின் பாடு அதையும் மிஞ்சும்.

மன்னர் வீரமாறன் அரண்மனையில் முரசறைகிறவன் மாயாண்டி. மனைவி பொன்னிக்கு நிறைமாதம். குடியிருந்த வாடகைக் குடிசையோ மழைக்கு ஒழுகும். பிள்ளை பிறப்பதற்குள் சொந்த வீட்டில் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று ஆளாய்ப் பறந்தான். முதல் வீடு பேசி முடித்ததும், "முரசுக்காரனா? எங்கள் தூக்கம் போச்சு!" என்று தெருவே திரண்டு வந்து தடுத்தது. இரண்டாவது வீட்டுக்கு வெற்றிலை பாக்கு மாற்றப் போன அன்று, காசிக்குப் போயிருந்த வீட்டுக்காரரின் அண்ணன் வந்து, "எனக்கும் பங்கு உண்டு" என்று வாசலில் குந்திக்கொண்டான். திரும்பி வர அவனுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை பாருங்கள்!

மூன்றாவது, ஊரைவிட்டுப் போகும் ஒரு வணிகரின் வீடு. காற்றோட்டமான கூடம், கொல்லையில் கிணறு. விலையும் படிந்தது. அங்கே மூக்கை நுழைத்தார் அரண்மனைச் சோதிடர் குணசீலர். மனையடி பார்க்கிறேன் என்று கூடத்தில் காலுக்கு முன் கால் வைத்து நடந்தார்.

"ஐயையோ, பதின்மூன்று அடி! இதில் குடியேறினால் குடும்பமே குலைந்துபோகும்!"

பொன்னி அழுதுவிட்டாள். மறுநாளே சோதிடர் வணிகருக்கு ஆள் அனுப்பினார். "பாதி விலைக்கு நானே வாங்கிக்கொள்கிறேன். தோஷத்தை என் மந்திரம் அடக்கிவிடும்." எப்படி இருக்கிறது சங்கதி!

மாயாண்டி நேரே அவைப் புலவர் கூத்தபிரானிடம் ஓடினான். "ஐயா, மூன்றாவதும் போச்சு. பொன்னி பிள்ளையை எங்கே ஐயா பெற்றெடுப்பாள்?"

"அழாதே அப்பா. நாளைக்குச் சபைக்கு வா."

மறுநாள் நண்பகல். சபையில் கூத்தபிரான் எழுந்தார்.

"மன்னா, நம் சோதிடரைப் பாராட்ட வேண்டும். பிறர் அஞ்சும் வீட்டில் தாமே குடியேறப் போகிறார். சோதிடரே, அந்தத் தோஷம் உங்களை ஒன்றும் செய்யாதே?"

"என் மந்திரத்தின் முன் வாலாட்டுமா?"

"நீங்கள் இப்போது இருக்கும் வீடு எப்படி?"

சோதிடருக்கு உச்சி குளிர்ந்தது. "அப்பழுக்கில்லாத மனை! நானே அளந்து கட்டியது. யார் குடியிருந்தாலும் ஓகோவென்று வாழ்வார்கள்."

"ஆஹா! மன்னா, மந்திரம் தெரிந்தவர் தோஷ வீட்டுக்குப் போகட்டும். மந்திரம் தெரியாத மாயாண்டி சோதிடரின் வீட்டில் ஓகோவென்று வாழட்டும். வணிகருக்குப் பேசிய முழு விலையை மாயாண்டியே கொடுத்துவிடுவான். ஒன்றுக்கொன்று மாற்று!"

"நல்ல யோசனை" என்றார் மன்னர்.

சோதிடர் துள்ளி எழுந்தார். அவருடையது மாடி வைத்த வீடு! "மன்னா, ஒரே ஒரு தடவை அந்தக் கூடத்தை மறுபடி அளந்துவிட்டு வருகிறேன்" என்று, வாசலில் விட்ட செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பினார்.

"பதினாறு அடி மன்னா! அருமையான மனை! அன்றைக்குச் செருப்புக் காலோடு அளந்துவிட்டேன். அதனால்தான் கணக்குக் குறைந்தது."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "வீடு மாயாண்டிக்கே. பால் காய்ச்ச நல்ல நாள் பாரும் சோதிடரே!"

"நாளைக்கே நல்ல நாள்தான் மன்னா!" சோதிடர் கும்பிட்டுவிட்டு வாசலுக்கு நழுவினார். வெளியே தரை தணலாய்க் கொதித்தது. செருப்பில் காலை நுழைக்கப் போனார்.

"ஐயையோ, தொடாதீர்கள்!" என்று கூத்தபிரான் பதறினார். "தோஷம் அதில்தான் இருக்கிறது என்று இப்போதுதானே கண்டுபிடித்தீர்கள்? குடும்பம் குலைந்துவிடும் சோதிடரே, அப்படியே நடந்து போங்கள்!"