மூடாத இலை

“அம்மா, வயிறு கைப்பிடி அளவாயிடுச்சு. கை மட்டும் பழைய கையாவே இருக்கு,” என்றார் மாசிலாமணி.

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரை ஆசிரமத்தில் அவர்தான் குரு. மாசிலாமணியைவிட இருபது வயது இளையவர்.

“எப்படி?”

“ஆபரேஷன். நூத்தி முப்பது கிலோ இருந்தேன். வயித்தைக் குறுக்கித் தைச்சுட்டாங்க. ஒவ்வொரு வாயையும் கூழாகற வரைக்கும் மெல்லணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார்.”

“மெல்ல வேண்டியதுதானே?”

அங்கேதான் சிக்கல். ஆபரேஷன் விஷயம் அவர் மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் காலை நடையில் இளைத்ததாகச் சொல்லி வைத்திருந்தார். கும்பகோணத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். ஆணி வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்து நடையின் பெருமையை அளந்தும் இருக்கிறார்.

மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில் எல்லோரும் அவருக்கு முன்னால் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து மரியாதை. இத்தனை பேர் கை காய உட்கார்ந்திருக்கிறார்களே என்று சோற்றை அள்ளி அள்ளி விழுங்கினார். இலையிலேயே வாந்தி. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று மாப்பிள்ளை வீட்டில் காதைக் கடித்துக்கொண்டார்கள். மகள் அழுதாள்.

“வெள்ளிக்கிழமை கல்யாணம். சம்பந்தியோட உட்கார்ந்து சாப்பிடணும். மறுபடி அப்படி ஆச்சுன்னா என் பொண்ணு அந்த வீட்ல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா? அவமானத்துல செத்துடலாம் போல இருக்கும்மா.”

அம்மா கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மதியம் மாசிலாமணியோடு ஆசிரமத்தார் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்தார்கள். குழைந்த சோறு, கீரை, ரசம். மற்றவர்கள் ரசத்துக்குப் போனதைப் பார்த்ததும் மாசிலாமணிக்குப் பதற்றம் வந்துவிட்டது. நான்கு கவளம் வேகமாக இறக்கினார். ஐந்தாவது நெஞ்சில் நின்றது.

கிணற்றடிக்கு ஓடினார்.

வாந்தியெடுத்து, முகம் கழுவி, மூச்சு சீராக அரைமணி ஆனது. இந்நேரம் எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள், சத்தமில்லாமல் பையை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடலாம் என்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

பன்னிரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். விரல்களில் சோறு காய்ந்திருந்தது.

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

“ஏம்மா, எழுந்திருக்கக் கூடாதா?”

“உங்க இலை இன்னும் மூடலையே.”

“உங்களைக் காக்க வைக்கக் கூடாதுன்னுதானே அவ்வளவு வேகமாச் சாப்பிட்டேன்.”

“அதனாலதான் இவ்வளவு நேரம் காத்திருக்கோம்.”

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். அம்மா அவர் இலையில் அரைக் கரண்டி சோறு வைத்தார். ஒரு வாய் எடுத்து மெல்ல ஆரம்பித்தார்.

பக்கத்து இலைக்காரர் அக்கறையாகக் கேட்டார். “வயித்துக்கு என்னங்க?”

“சும்மா, கேஸ்தான்,” என்று வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டுச் சொன்னார் மாசிலாமணி.

“அதை மெல்லலை,” என்றார் அம்மா.

அவ்வளவுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை. கல்யாண மண்டபம். சம்பந்தி வைத்தியலிங்கம் பக்கத்து இலையில். பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அடுத்த பந்திக்காரர்கள் வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்கள். மாசிலாமணியின் இலையில் மட்டும் சோறு இருந்தது.

சம்பந்தி தன் இலையின் ஓரத்தில் கை வைத்தார்.

மாசிலாமணி ஒரு பெரிய கவளத்தை அள்ளினார். வாய்வரை போன கை நின்றது. முக்கால்வாசியை இலையிலேயே உதிர்த்துவிட்டு, மிச்சத்தை வாயில் போட்டு மென்றார். கூழாகும்வரை மென்றார். காது மடல் சுட்டது.

“சம்பந்தி,” என்றார். “நான் நடந்து இளைக்கலை. வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு. மெதுவாத்தான் சாப்பிட முடியும். அன்னைக்கும் நான் குடிச்சிட்டு வரலை.”

வைத்தியலிங்கம் இலையிலிருந்து கையை எடுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார்.

“எனக்குப் பத்து வருஷமா சர்க்கரை. உங்க வீட்டு ஜிலேபி ரெண்டையும் அன்னைக்குப் பயந்துக்கிட்டேதான் சாப்பிட்டேன்.”