கர்னல் செய்த கொலை

வேங்கைப்பாடி சமஸ்தானத்தில் படைவீரர்கள் பன்னிரண்டு பேர், யானை ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. யானைக்குப் பாகன் இருந்ததுபோல் கம்ப்யூட்டருக்குக் கோமளவல்லி இருந்தாள்.

அரண்மனை முழுக்க அந்த ஒரு பெட்டியைத்தான் நம்பியிருந்தது. சமையற்கட்டின் சாமான் பட்டியல் அதில்தான். தேர்த்திருவிழா ஏற்பாடு அதில்தான். ராஜா மழவராயர் தம் புலிவேட்டையைப் பற்றி எழுதிவந்த காவியமும் அதில்தான். பாட்டுக்கு ஒரு படம் வீதம் தொண்ணூற்றொன்பது பாட்டு முடிந்திருந்தது. எதையும் அவர் சேமித்து வைத்ததில்லை. அதெல்லாம் குமாஸ்தா வேலை என்பது அவர் கருத்து.

ஒரு நாள் காலை, நூறாவது பாட்டுக்கு எதுகை தேடி ராஜா கண்ணை மூடினார். திறந்து பார்த்தால் காவியத்தைக் காணோம். திரையில் ஒரே ஒரு வரி இருந்தது.

"நினைவகம் தீர்ந்தது. காவியம் கொல்லப்பட்டது."

"கொலையா! என் அரண்மனையிலா!" ராஜா போட்ட கூச்சலில் ராணியின் தம்பி வீரபாகு ஓடிவந்தார். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அவர்தான் கர்னல்.

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அத்தான்? பெட்டி யார் பொறுப்பு? கோமளவல்லியை நாடு கடத்துங்கள்!"

அவருக்கு அவள்மேல் பழைய கோபம். 'போர் ஒத்திகை' என்று ஒரு விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ராப்பகலாக ஓட்டிவந்தார். அதில் அவருக்கு ஒரு லட்சம் யானைகள். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். உடனே அவர் ராஜாவிடம் போய், "கர்னலின் படையை யாரும் தொடக்கூடாது" என்று ஓர் உத்தரவில் முத்திரை வாங்கிவந்து அவள் மேசைமேல் வீசினார். ராஜா அதைப் படிக்காமலே முத்திரை வைத்திருந்தார். கோமளவல்லியும் வேறு வழியில்லாமல் அதை அப்படியே கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தாள்.

இப்போது ராஜா அவளைக் கூப்பிட்டார். "மதிய முரசு அடிப்பதற்குள் கொலைகாரன் யார் என்று சபையில் சொல்லவேண்டும். இல்லையென்றால் மூட்டையைக் கட்டு."

பெட்டியின் பதிவுகளை ஒரு பார்வை பார்த்ததுமே அவளுக்கு நடந்தது புரிந்துவிட்டது. ஆனால் ராணியின் தம்பியை நேராகக் கைகாட்ட முடியுமா? ராஜா விட்டாலும் ராணி விடமாட்டாள். பழைய உத்தரவை இடுப்பில் செருகிக்கொண்டு சபைக்கு நடந்தாள்.

"யார் கொன்றது?" என்றார் ராஜா.

"கர்னல், மகாராஜா."

வீரபாகுவின் கை வாளுக்குப் போனது. "நானா?"

"உங்களைச் சொல்லவில்லை ஐயா. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு கர்னல் உண்டு; அதை நடத்தும் மூல நிரலுக்கு அதுதான் பெயர். யாருக்கு எவ்வளவு இடம் என்று முடிவு செய்வது அவர்தான்."

வீரபாகுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி, அந்தக் கர்னலுக்கும் என் காவியத்துக்கும் என்ன பகை?" என்றார் ராஜா.

"பகையெல்லாம் இல்லை. அவருக்குத் தாராள மனசு. இடம் கேட்டவருக்கெல்லாம் 'எடுத்துக்கொள்' என்பார். கேட்ட அவ்வளவையும் எல்லாரும் ஒரே நேரத்தில் எடுக்கமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. இன்று காலை எடுத்துவிட்டார்கள்."

"அப்புறம்?"

"சும்மா கிடந்ததையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டுப் பார்த்தார். பரணும் நிறைந்துவிட்டது. ஒருவரைக் காலி பண்ணாவிட்டால் பெட்டியே மூச்சடைத்து நின்றுவிடும். அதனால் அதிக இடம் அடைத்திருப்பவர் யார் என்று தேடினார்."

"என் காவியமா அவ்வளவு பெரிசு?" ராஜாவின் குரலில் துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"அது இரண்டாவதுதான், மகாராஜா. முதலாவது ஆசாமி முக்கால் பெட்டியை அடைத்திருந்தார். ஆனால் அவரைத் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு."

அடுத்த கேள்வி என்னவென்று வீரபாகுவுக்குத் தெரியாதா? சட்டென்று குறுக்கே பாய்ந்தார். "எதற்கு அத்தான் இவ்வளவு விசாரணை? கொன்றது கர்னல். தண்டனையைக் கொடுங்கள்!"

"உயிரை மட்டும் எடுக்காதீர்கள்," என்றாள் கோமளவல்லி. "அவர் போனால் பெட்டியும் போய்விடும்."

"அப்படியானால் சலுகையையெல்லாம் பறியுங்கள். பத்து நாள் உள்ளே போடுங்கள்!"

"எழுத்தில் கொடுத்தால் நல்லது," என்றாள் அவள் பணிவாக.

வீரபாகுவே தாளை இழுத்து எழுதினார். "காவியம் சாகக் காரணமான கர்னலின் சலுகைகள் ரத்து. அவரைப் பத்து நாள் உள்ளே போடவும்." ராஜா முத்திரை வைத்தார்.

கோமளவல்லி அதை வாங்கிப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டாள். "மகாராஜா, அந்த முதலாவது ஆசாமி யார் என்று கேட்கவில்லையே?" என்று பழைய உத்தரவை அவரிடம் நீட்டினாள். ராஜா தம் முத்திரைக்கு மேலே இருந்ததை முதல்முறையாகப் படித்தார். படித்துவிட்டு மச்சானை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் படையைத் தொடக்கூடாது என்றுதான் என் காவியத்தைக் கொன்றார்களா?"

வீரபாகு வாயைத் திறப்பதற்குள் புது உத்தரவு காவலர்கள் கைக்குப் போயிருந்தது. இரண்டு பேர் வந்து அவர் தோளில் கை வைத்தார்கள். அவருடைய படையாட்கள்தான். முகத்தில் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

"அநியாயம்!" என்று கத்தினார் வீரபாகு. "அது பெட்டிக்குள் இருக்கிற கர்னலுக்குப் போட்ட உத்தரவு!"

"அவர் எப்போதுமே உள்ளேதான் இருக்கிறார் ஐயா," என்றாள் கோமளவல்லி. "வெளியே இருக்கிற கர்னல் நீங்கள் ஒருவர்தான்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அன்றைக்கே கம்ப்யூட்டருக்கு இரண்டு மடங்கு நினைவகமும் கோமளவல்லிக்கு இரண்டு மடங்கு சம்பளமும் கிடைத்தன.