மேட்டில் அணைந்த பொறி

மலையேற முரண்டு பிடிக்கும் கார்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம், மேட்டுப்பாளையத்தில் பூங்கோதையின் பட்டறை. டர்போ இன்ஜின் என்றால் அவளைக் கேட்டுத்தான் மறுவேலை. அவளுக்கு ஒரே ஒரு சீடர், சென்னியப்பன். குருவைவிட வயதில் மூத்தவர், உடம்பில் பெருத்தவர், பேச்சில் அதைவிடப் பெருத்தவர்.

பழைய கார்களோடு பாதி ஆயுளை ஓட்டிவிட்டு, "இந்த டர்போவையும் ஒரு கை பார்த்தாத்தான் என் கட்டை வேகும்" என்று அவளிடம் வந்து சேர்ந்தவர் அவர்.

கோத்தகிரியில் பூங்கோதை இரண்டாவது பட்டறை போட்டிருந்தாள். அதை யாரிடம் ஒப்படைப்பது என்று இன்னும் சொல்லவில்லை. சென்னியப்பனுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆசையை மறைத்து வைக்கத் தெரியாத மனிதர் என்பதால் ஊருக்கே அது தெரியும்.

அன்று காலையும் கேட்டார்.

"அம்மிணி, கோத்தகிரிக்கு நான் இன்னும் தேற மாட்டேனுங்களா?"

"பார்க்கலாங்ண்ணா."

கேட்கும்போதெல்லாம் அவள் சொல்லும் பதில் அதுதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. நாதஸ்வரக்காரர் குழந்தைவேலு இறங்கினார். பின்னாலேயே தவில்காரரும். தவில் பின்சீட்டிலேயே இருந்தது. சாயங்காலம் அவர்களுக்குக் கோத்தகிரியில் கல்யாண வரவேற்பு.

"சமதரையில அது பாட்டுக்குப் போகுதுங்க. மேட்டுல ஏறி மிதிச்சா விக்கல் எடுக்குது. இன்ஜின் லைட்டு கண்ணடிக்குது," என்றார் குழந்தைவேலு.

பூங்கோதை சீடரைப் பார்த்தாள். "இது உங்க வண்டிங்ண்ணா. நான் குறுக்க வர மாட்டேன்."

ஒரு கொய்யாவை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பானெட்டைத் திறந்தார்.

"போன மாசந்தானுங்க இங்க பிளக் மாத்துனது," என்றார் குழந்தைவேலு.

"நாந்தானுங்க போட்டேன். அதனால பிளக்கா மட்டும் இருக்காது."

அந்த நியாயம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

முதலில், பிளக்கில் பொறி அடிக்க மின்சாரம் தரும் காயில்களைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். காயிலில் கோளாறு என்றால் விக்கலும் கூடவே அடுத்த சிலிண்டருக்கு மாற வேண்டும். மாறவில்லை. டர்போவின் குழாயைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் காற்று ஒழுகவில்லை. மேட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பெட்ரோல் சரியில்லை என்றார். மறுபடி ஓட்டிவிட்டு வந்து, தவிலை முறைத்தார்.

"அந்தக் கனத்தை இறக்கி வெச்சுட்டு ஒருக்கா ஓட்டலாங்களா?"

தவில்காரர் தவிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல்தான் பிளக்குகளைக் கழற்றினார். ஒவ்வொன்றாகக் காயிலில் செருகி, இன்ஜின்மேல் வைத்து ஓட விட்டார். டிக் டிக்கென்று நீலமாக அடித்தது பொறி.

"பாருங்க அம்மிணி, எப்படி அடிக்குதுன்னு. அப்புறம் ஏன் மேட்டுல மட்டும் விடுது?"

பூங்கோதை கொய்யாவோடு எழுந்து வந்தாள். குழந்தைவேலுவிடம் திரும்பினாள்.

"உங்களுக்குச் சரியா ஒத்து வராத சீவாளி ஏதாச்சும் இருக்குங்களா?"

"அதுக்கா பஞ்சம்?"

சீவாளி என்பது நாதஸ்வரத்தின் நுனியில் செருகி ஊதுவது. குழந்தைவேலு நாதஸ்வரத்தில் தொங்கிய சீவாளிக் கொத்திலிருந்து ஒன்றை அவிழ்த்தார்.

"தனியா ஊதுங்க."

பீ என்றது.

"நல்லாத்தானே கேக்குது?" என்றாள் பூங்கோதை.

"தனியா ஊதுனா எதுவும் கேக்குமுங்க."

"நாயனத்துல மாட்டி ஊதுங்க."

கீழ் ஸ்தாயியில் நின்று ஊதும்வரை குறையில்லை. மேல் ஸ்தாயிக்கு ஏறினார். உச்சிக்குப் போகும்போது சத்தம் பிசிறிக்கொண்டு நின்றுபோனது. குழந்தைவேலு சிரித்தார்.

"இதுக்கு வாய் அகலமுங்க. மேல போகப் போக மூச்சு நெருக்கும். அகல வாய் அதைத் தாங்காது."

எச்சில் தொட்டு, விரலிடுக்கில் வைத்து அதை மெல்ல அமுக்கினார். மறுபடி ஊதினார். இந்த முறை நாதம் உச்சிக்குப் போய் நின்று விளையாடியது. பட்டறைத் தகரம் அதிர்ந்தது. தெருவில் போன இரண்டு பேர் யாருக்குக் கல்யாணம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

சென்னியப்பன் கையிலிருந்த பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மேட்டில் மிதிக்க மிதிக்க டர்போ காற்றைத் திணிக்கும். அந்த நெரிசலுக்குள் பொறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாண்ட வேண்டும். வெளியில் தாண்டுகிற தூரத்தை அங்கே தாண்ட முடியாது.

அளவுத் தகட்டை எடுத்து பிளக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே செருகிப் பார்த்தார். இடைவெளி, அவர் காலமெல்லாம் பழைய கார்களுக்கு வைத்த அளவில் அச்சாக இருந்தது. போன மாதம் புது பிளக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும், 'இதென்ன இப்படி மூடிக் கெடக்குது' என்று நெம்பி விட்ட கை அவருடையதுதான்.

"என்னங்க, கம்பெனிக்காரன் அகலமா வெச்சு அனுப்பிட்டானா?" என்று கேட்டார் குழந்தைவேலு.

ஆமாமென்று தலையை ஆட்டினால் போதும். பூங்கோதை அன்றைக்குப் பட்டறையிலேயே இல்லை. பிளக் போட்டதை யாரும் பார்க்கவுமில்லை. இப்போதோ எல்லாக் கண்ணும் அவர்மேல் இருந்தது. வாயைத் திறந்தால் கோத்தகிரி போய்விடும் என்பது நன்றாகத் தெரிந்தது. அதை நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

"இல்லீங்க," என்றார் சென்னியப்பன். "அவன் சரியாத்தான் அனுப்புனான். நாந்தான் பழைய வண்டி நெனப்புல நெம்பி அகலமாக்கிட்டேன். தப்பு என்னுதுங்க."

குழந்தைவேலு தவிலைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப தவில் மேல தப்பில்லைங்கறீங்க."

தவில்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும்.

பூங்கோதை கொய்யாவைத் தின்றுகொண்டிருந்தாள்.

சென்னியப்பன் இடைவெளியைக் குறுக்கி, அளந்து, மறுபடி அளந்து, பிளக்குகளை மாட்டினார். முடித்ததும் ஓட்டிப் பார்க்க அவரே உட்கார்ந்தார். நேரமாகிவிட்டதென்று குழந்தைவேலுவும் தவில்காரரும் சாமான்களோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். பூங்கோதை வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

முதல் வளைவில் ஏறி மிதித்தார். விக்கல் இல்லை. இரண்டாவது வளைவில் இன்னும் அழுத்தினார். கார் துள்ளிக்கொண்டு ஏறியது. பின்சீட்டில் தவில்காரர் விரலாலேயே ஒரு தட்டுத் தட்டினார்.

சென்னியப்பன் சாலையைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அம்மிணி, கோத்தகிரிக்கு வேற ஆளைப் பார்த்துக்குவீங்களா?"

"இத்தனை நாளும் உங்களை வெளிய வெச்சுத்தானுங்ண்ணா பார்த்திருந்தேன்," என்றாள் பூங்கோதை. "நெருக்குனாலும் பொறி அணையாதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நல்லா மிதிங்க. பொழுதோட போய் உங்க பட்டறையைத் திறக்கலாம்."